டைஸ் மேஜையிலிருந்து ஒலி நாடகம் வரை: வட சென்னையில் முதல்முறை இறங்குபவர்களுக்கு

கொருக்குப்பேட்டையிலோ பெரம்பூரிலோ ஒரு மாடி அறையில் நாலைந்து பேர் டைஸ் உருட்டி ஆடிய மாயாஜாலச் சாகசம் நன்றாக அமைந்துவிட்டால், "இத அப்படியே ரெக்கார்ட் பண்ணிப் போட்டுடலாமே" என்று குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். ஆட்டத்தை அப்படியே பதிவு செய்து போடுவது ஒரு வேலை. அதற்கு வசனம் எழுதி, நடிக்கவைத்து, ஓசை சேர்த்து, பழைய வானொலி ஒலிச்சித்திரம் போலக் காதுக்கு மட்டுமே ஆன நாடகமாக்குவது வேறு வேலை. இங்கே சொல்வதெல்லாம் இரண்டாவதற்குத்தான். டி20 என்ற இருபது முக டைஸ், ஆட்டத்தில் கதையை நடத்திச் செல்லும் கேம் மாஸ்டர் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே மேலே போகிறேன்.

முதல் முயற்சிக்கு 25 நிமிடம் ஓடும் 4 பகுதிகள் போதும். வார இறுதிகளில் மட்டும் வேலை செய்தால் ஆடிப் பார்க்க 3 வாரம், எழுத 5 வாரம், பதிவுக்கு 2 வாரம், எடிட்டுக்கு 12 வாரம், ஆக மொத்தம் 22 வாரம். அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருக்கும் காலம் இதில் சேராது. பணத்தை இப்படி ஒதுக்கிவையுங்கள்: மைக், ஸ்டாண்ட், கேபிள், பாப் ஃபில்டருக்கு ரூ. 6,000 முதல் 8,000. அறையைத் தயார் செய்ய ரூ. 2,000, டீ, சாப்பாடு, ஷேர் ஆட்டோவுக்கு ரூ. 5,000, பதிப்புரிமைப் பதிவு வேண்டுமென்றால் ரூ. 2,500. நடிகர்களுக்குக் கொடுப்பது தனிக் கணக்கு. நண்பர்கள்தானே என்று சாப்பாட்டுப் பணத்தில் கைவைக்காதீர்கள். இரவு 12 மணிக்கு ஃபேன் ஓடாத அறையில் பிரியாணி இல்லாமல் யாரும் மூன்றாவது டேக் பேச மாட்டார்கள்.

1. சாகசம் யாருடையது என்று பாருங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம்தான் ஓப்பன் லைசன்ஸ் ஆயிடுச்சே, எத வேணா எடுத்துக்கலாம்" என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. திறந்துவிடப்பட்டது விதிகள் மட்டுமே. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, ஜனவரி 2023-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 உரிமத்தில் (படைத்தவர் பெயரைச் சொன்னால் யாரும் எடுத்தாளலாம்) வெளியானது. 2025 ஏப்ரலில் 5.2 அதே உரிமத்தில் வந்தது. இவற்றில் டைஸ் கணக்கு, மந்திரங்கள், பொதுவான அரக்கர்கள் எல்லாம் உண்டு. கடையில் விற்கும் சாகசப் புத்தகங்களின் கதை, ஊர், வில்லன், வசனம் இவற்றில் கிடையாது. வேறு சில விளையாட்டு நிறுவனங்கள் பயன்படுத்தும் ஓஆர்சி உரிமமும் அப்படித்தான்: பொதுவில் வைப்பது விளையாட்டு விதிகளை, கதையும் பாத்திரங்களும் எழுதியவரிடமே இருக்கும்.

ஒலி நாடகத்தில் விதி எதுவும் காதில் விழாது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கவச எண் 15 என்பதை யாரும் கேட்கப் போவதில்லை. நாடகத்துக்கு வேண்டியது கதை, இடம், பாத்திரம். உரிமங்கள் தராமல் வைத்துக்கொள்வதும் அதே மூன்றைத்தான். ஆகவே விதிகளுக்கான உரிமம் கையில் இருப்பதால் உங்கள் நாடகத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. உங்களுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, உங்கள் கேம் மாஸ்டரே சொந்தமாக எழுதிய சாகசம். இதுதான் சிறந்தது. ஊர்ப் பெயரும் தெய்வப் பெயரும் புத்தகத்திலிருந்து வந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பூதம், டிராகன், காப்ளின் யாருக்கும் சொந்தமில்லை. பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர் போன்ற அரக்கர்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் தனது என்று சொல்லிக்கொள்பவை; அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இரண்டாவது, தனி எழுத்தாளர் தானே வெளியிட்ட சாகசம். அவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள். ஆனால் டிஎம்ஸ் கில்ட் என்ற இணையக் கடையில் வெளியான சாகசம் என்றால் கவனம். அங்கே போட்டதை வேறிடத்தில் வெளியிட எழுதியவருக்கே அனுமதி இல்லாதபோது, அவர் நல்ல மனதோடு "எடுத்துக்கோங்க" என்று சொன்னாலும் அது செல்லாது.

மூன்றாவது, கிரியேட்டிவ் காமன்ஸில் வந்த சாகசங்கள். ஒன் பேஜ் டன்ஜன் போட்டியின் படைப்புகள் பை-எஸ்ஏ உரிமத்தில் கிடைக்கின்றன. ஒரே பக்கம் என்பதால் நாடகமாக விரிக்கத் தோதானவை. எஸ்ஏ என்றிருந்தால் உங்கள் நாடகத்தையும் அதே உரிமத்தில்தான் விட வேண்டும். யார் வேண்டுமானாலும் அதை எடுத்து விற்கலாம். என்சி என்றிருந்தால் வணிகம் கூடாது. என்டி என்றிருந்தால் தழுவலே கூடாது, மூடி வைத்துவிடுங்கள்.

நான்காவது, விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் ரசிகர் படைப்புக் கொள்கை. கேட்பவர்களிடம் காசு வாங்காமல், மின்னஞ்சல் பதிவு கூடக் கேட்காமல் இலவசமாக விட வேண்டும். அவர்கள் லோகோ கூடாது. அதிகாரப்பூர்வமானதில்லை என்ற அவர்களின் அறிவிப்பைப் போட வேண்டும். புத்தகத்தில் இருப்பதை வரிக்கு வரி எடுத்துப் போடுவதற்கு இந்தக் கொள்கை இடம் தரவில்லை. கேம் மாஸ்டர் உரக்கப் படிக்கவென்று கட்டம் கட்டிக் கொடுத்திருக்கும் வருணனையை மொழிபெயர்த்துக் கதைசொல்லி வாயில் வைப்பது பலர் விழும் குழி. இந்தக் கொள்கையை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதால் 22 வார உழைப்பை இதன்மேல் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

2. தாள்களை முதல் ஆட்டத்துக்கு முன்பே முடியுங்கள்

வெளிநாட்டு எழுத்தாளருக்கு அனுமதிக் கடிதம் எழுதும்போது ஏழு விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள்: தழுவும் உரிமை, தமிழில் மொழிபெயர்க்கும் உரிமை, ஒலிப்பதிவாக வெளியிடும் உரிமை, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, வருமானம் வந்தால் பங்கு எவ்வளவு, அவர் பெயர் எப்படி வர வேண்டும். தழுவலும் மொழிபெயர்ப்பும் சட்டத்தில் தனித்தனி உரிமைகள். ஒன்றைக் கேட்டு மற்றதை விட்டுவிட்டால் பாதிதான் கிடைத்திருக்கும். பதிலுக்கு 6 முதல் 8 வாரம் விடுங்கள், நடுவில் ஒருமுறை மட்டும் நினைவூட்டுங்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது, மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள். ஆட்டத்தின்போது ஒரு பிளேயர் போகிற போக்கில் அடித்த வசனம் நாடகத்தின் உச்சக்கட்டமாக மாறலாம். அது அவருடைய படைப்பு. அதனால் ஆடத் தொடங்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் மூன்று பொறிகள் இருக்கின்றன. காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். நீங்களோ இணையத்தில் உலகம் முழுக்க வெளியிடப் போகிறீர்கள். வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். "உலகம் முழுவதும்", "பதிப்புரிமைக் காலம் முழுவதும்", "ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் உரிமை தொடரும்" என்ற மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். இதே வரிகளை எழுத்தாளரிடம் வாங்கும் அனுமதியிலும் சேருங்கள். தொகை பெரிதாக இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.

குரல் கொடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு சம்மதத் தாள். அதில் எத்தனை மணி நேரப் பதிவு, எவ்வளவு பணம், என்றைக்குக் கைக்கு வரும், பிழைதிருத்தப் பதிவுக்கு எத்தனை முறை வருவார் என்று எழுதுங்கள். இன்றைக்குக் கட்டாயம் சேர்க்க வேண்டிய ஒரு வரி: இந்தப் பதிவைக் கொண்டு செயற்கைக் குரல் உருவாக்க மாட்டோம். இதைக் கேட்காமலே நீங்களாக எழுதிக் கொடுத்தால் நல்ல நடிகர்கள் நம்பி வருவார்கள்.

3. ஆடும்போதே குறிப்பெடுங்கள்

மேஜை நடுவில் ஒரு போனை வைத்துப் பதிவு செய்தால் போதும், தரம் முக்கியமில்லை. முக்கியம் என்னவென்றால் ஆடாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் நேரம் குறிப்பது. "1.42 — கதவைத் திறக்கும் உருட்டல், ஒன்று விழுந்தது, எல்லாரும் சிரிப்பு" என்ற அளவில் ஒரு வரி. மூன்றரை மணி நேர ஆட்டத்தைத் திரும்பக் கேட்டு முழுசாக எழுத்தில் எடுக்கப் பார்த்தால் இரண்டாவது வாரத்தில் திட்டமே நின்றுவிடும். நோட்டில் நட்சத்திரம் போட்ட பத்துப் பன்னிரண்டு இடங்களை மட்டும் கேட்டு எழுதுங்கள்.

நட்சத்திரத்தை எங்கே போடுவது? ஜெயித்த உருட்டல்களை விடத் தோற்றவைதான் கதைக்கு உதவும். 20 விழுந்தால் மேஜையில் கைதட்டல். நாடகத்தில் அது சும்மா ஒரு வெட்டு. 1 விழுந்தபோது வாள் கைநழுவிக் கிணற்றில் விழுந்ததென்றால் அடுத்த இரண்டு காட்சிக்கு அதுவே கதையை இழுத்துக்கொண்டு போகும்.

4. சாகசத்தை வெட்டி எழுதுங்கள்

25 நிமிடப் பகுதியில் தலைப்பு, பெயர்ப் பட்டியலுக்கு ஒன்றரை நிமிடம் போகும். ஓசைக்கும் மௌனத்துக்கும் நாலைந்து நிமிடம். மீதி 19 நிமிடம்தான் பேச்சு. நிமிடத்துக்கு 100 சொல் என்று வைத்தால் 1,900 சொல். எழுதியதை உரக்கப் படித்துப் போனில் நேரம் பாருங்கள். மனசுக்குள் படிப்பது எப்போதும் வேகமாகத்தான் ஓடும்.

இந்த அளவுக்குள் அடங்க வேண்டுமென்றால் முதலில் ஆட்களைக் குறையுங்கள். பிரிட்டனின் பிக் ஃபினிஷ் நிறுவனம் பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு டைஸ் விளையாட்டின் ஆறு புத்தகச் சாகச வரிசை ஒன்றை உரிமம் வாங்கி ஆறு ஒலி நாடகங்களாக வெளியிட்டபோது, ஆடினால் மாதக்கணக்கில் ஓடும் அந்தக் கதையை நாலே சாகசக்காரர்கள் தூக்கிச் சென்றார்கள். உங்கள் மேஜையில் ஆறு பேர் ஆடியிருந்தால் இருவரை ஒருவராக்குங்கள். (தன் பாத்திரத்தை யார் இழப்பது என்பதில் சண்டை வரும். ஒப்பந்தத் தாளிலேயே "பாத்திரங்களை இணைக்க, நீக்க இயக்குநருக்கு உரிமை உண்டு" என்று எழுதியிருந்தால் சண்டை சின்னதாக முடியும்.)

அடுத்து வரைபடம். 12 அறையுள்ள பாதாளம் காதுக்கு 12 அறையாகத் தெரியாது, ஒரே குழப்பமாகத்தான் தெரியும். மூன்று அல்லது நாலு இடம் போதும். ஒவ்வோர் இடத்துக்கும் மாறாத ஓர் ஓசையைக் கொடுங்கள்: முதல் மண்டபத்தில் சொட்டும் தண்ணீர், இரண்டாவதில் காற்று விசில், மூன்றாவதில் எதுவுமே இல்லாத, பேச்சு உலர்ந்து ஒலிக்கும் மௌனம். திரும்ப அந்த இடத்துக்கு வந்தால் யாரும் சொல்லாமலே கேட்பவருக்குத் தெரிய வேண்டும்.

சண்டைதான் பெரிய சிக்கல். மேஜையில் ஆறு சுற்று, 40 நிமிடம். நாடகத்தில் அதற்கு 90 விநாடிக்கு மேல் கொடுக்காதீர்கள். யாருக்கு முதல் அடி, யாருக்கு எத்தனை உயிர்ப்புள்ளி என்பதெல்லாம் போய்விட வேண்டும். மிஞ்ச வேண்டியது ஒரு திருப்பம் மட்டும்: சண்டை தொடங்கும்போது இருந்த நிலைமை முடியும்போது மாறியிருக்க வேண்டும். வெறும் கத்திச் சத்தம் 20 விநாடியைத் தாண்டினால் பாத்திரக் கடையில் பூனை புகுந்தது போலிருக்கும். இடையில் மூச்சு, ஒரு பெயர், ஒரு கட்டளை வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவதை வாய்விட்டு வருணிப்பது அடுத்த பொறி. இப்படி எழுதாதீர்கள்:

"அதோ பார்! பத்தடி உயரமுள்ள, சிவந்த கண்களுடைய பூதம் வாளை ஓங்கிக்கொண்டு நம்மை நோக்கி வருகிறது!"

இப்படி எழுதிப் பாருங்கள்:

"வெளக்க கீழ வை."
"ஏன்?"
"நாம நாலு பேரு. செவுத்துல அஞ்சு நெழல் இருக்குது."

கேட்பவரே அந்தப் பூதத்தை வரைந்துகொள்வார், உங்களைவிட நன்றாக. மந்திரப் பெயர்களையும் மொழிபெயர்த்து ஒப்பிக்காதீர்கள். "தீப்பந்து!" என்று ஒருவர் கத்தினால் சிரிப்புதான் வரும். உச்சாடனம், ஓர் இழுத்த மூச்சு, ஓசை; அவ்வளவுதான்.

கேம் மாஸ்டரை என்ன செய்வது என்ற கேள்விக்கு நம்மிடமே பதில் இருக்கிறது. தெருக்கூத்தின் கட்டியக்காரன் கதைக்கு உள்ளேயும் வெளியேயும் நிற்பவன். ராஜாவைக் கிண்டல் செய்வான், சபையோரிடம் நேராகப் பேசுவான், காலத்தைத் தாண்டிக் குதிப்பான். கதைசொல்லியை அப்படி எழுதினால் காட்சி மாற்றத்துக்கு இரண்டு வரி போதும். அவருக்கு ஒரு பகுதியில் 250 சொல்லுக்கு மேல் தர வேண்டாம். மீறினால் நாடகம் கதாகாலட்சேபமாகிவிடும்.

பெயர்களில் சிக்கனம் தேவை. ஒரே காட்சியில் மாறன், மாயன், மாதவி வரக் கூடாது. முதல் எழுத்தும் அசை எண்ணிக்கையும் வேறுபடட்டும். ஒரு காட்சியில் நாலு குரலுக்கு மேல் பேசினால் காது கைவிட்டுவிடும். பேசாமல் நிற்கும் பாத்திரம் ஒலி நாடகத்தில் இல்லாத பாத்திரம் என்பதால், மூன்று நாலு வரிக்கு ஒருமுறை இருமலோ முனகலோ கொடுத்து இருப்பைக் காட்டுங்கள்.

5. யார் எந்தத் தமிழ் பேசுவது

ராஜாவும் மந்திரவாதியும் செந்தமிழ், நாயகன் பொதுத் தமிழ், திருடனும் காப்ளினும் வட சென்னைத் தமிழ். இந்தப் பங்கீடு கைப்பழக்கமாக வந்து விழும். விழவிடாதீர்கள். நம் தெருப் பேச்சைத் திருடனுக்கும் கோமாளிக்கும் மட்டும் வைப்பதைத் திரையில் பார்த்துப் பார்த்துக் காது மரத்துவிட்டது. நம் ஊரிலிருந்தே அதைச் செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை. நாயகி பேசட்டும்: "உள்ள இன்னா கீதுன்னு பாத்துட்டு வரேன். நீ இங்கியே குந்து." ஆயிரம் வயது டிராகன் வேண்டுமானால் இலக்கணத் தமிழ் பேசட்டும், அதற்குப் பேச்சு பழசாகிப் போயிருப்பது பொருத்தம்தான்.

எழுத்தில் ஒவ்வொரு சொல்லையும் கொச்சையாக எழுதித் தர வேண்டாம். அந்தப் பேச்சு பழகாதவர் "கீது", "இன்னா" என்று அழுத்தி வாசித்தால் நடிப்பு போலித்தனமாகிவிடும். பொருளை எழுதிக் கொடுத்து, ராயபுரத்திலோ புளியந்தோப்பிலோ வளர்ந்தவரைத் தன் வாயில் வருகிற மாதிரி சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னதைப் பிரதியில் திருத்திக்கொள்ளுங்கள்.

குழுவில் ஒரு பாணன் பாத்திரம் இருந்தால் கானா பாடகரை விட்டால் வேறு யாரைத் தேடுவது? ஆனால் ஏற்கெனவே புழங்கும் கானா ஒன்றை "பொதுப் பாட்டு" என்று நினைத்து எடுக்காதீர்கள். எழுதியவர் இரண்டு தெரு தள்ளி இருப்பார். புதிதாக எழுதச் சொல்லிக் காசு கொடுத்து, பாட்டுக்கும் பாடியதற்கும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குங்கள்.

6. குரல் தேர்வு

போனில் ஒரு நிமிட மாதிரி அனுப்பச் சொல்லுங்கள்: பத்து வரி வசனம், ஒரு சிரிப்பு, ஓடி நின்று இரைக்கும் மூச்சு. மூச்சை நடிக்கத் தெரியாதவர் சாகச நாடகத்துக்கு ஆகமாட்டார். இரண்டு குரல் ஒரே மாதிரி இருந்தால் ஒருவரை மெதுவாகப் பேசவைப்பது, சுருதியை மாற்றுவதைவிடப் பலன் தரும். சிறுவன் பாத்திரத்துக்கு டப்பிங் துறை செய்வது போலப் பெண் குரலைப் பயன்படுத்துங்கள். குழந்தைக் கலைஞர் என்றால் பெற்றோர் சம்மதம், நேர வரம்பு என்று சட்ட நிபந்தனைகள் இருக்கின்றன. நள்ளிரவுப் பதிவுக்கு அது சரிவராது.

7. அறையும் மைக்கும்

வட சென்னையில் மைக்கைவிட இரைச்சல்தான் செலவு வைக்கும். பதிவு நடக்கப் போகும் அறையில் ஒரு நாள் முழுக்க, மணிக்கு ஒருமுறை 2 நிமிடம் போனில் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேட்டுப் பட்டியல் போடுங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோடு பக்கம் பகல் முழுக்கக் கூட்டம். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் துறைமுகக் கன்டெய்னர் லாரிகள் இரவிலும் ஓயாது. பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் ரயில். உங்கள் வீட்டுக்கான அமைதி நேரம் எது என்பதை அந்தப் பட்டியல்தான் சொல்லும். ஆடி மாதத்தில் பதிவு வைக்கவே வைக்காதீர்கள். கூழ் ஊற்றும் வாரங்களில் அம்மன் கோயில் ஸ்பீக்கரை எந்த மெத்தையும் தடுக்காது. தீபாவளிக்கு முந்தைய பத்து நாளும் அப்படியே.

நடு அறை, ஜன்னல் குறைந்த அறை, துணி நிறைந்த அறை நல்லது. கடையில் விற்கும் மெல்லிய முக்கோண ஃபோமுக்குப் பணம் கொட்ட வேண்டாம். அது மேல்சுருதி எதிரொலியை மட்டும் குறைக்கும், லாரியின் உறுமலை ஒன்றும் செய்யாது. இலவம்பஞ்சு மெத்தை இரண்டை நடிகருக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் நிமிர்த்தி வையுங்கள். மெத்தை அவருக்குப் பின்னால் இருக்க வேண்டும், ஏனென்றால் மைக் பார்ப்பது அந்தத் திசையைத்தான். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டால் இன்னும் நன்றாக உறிஞ்சும். மேலே ஒரு கனத்த போர்வையைக் கூடாரமாகக் கட்டுங்கள். இரும்பு பீரோ அறையில் இருந்தால் உரத்த வசனத்துக்கு அதிரும்; கதவிடுக்கில் துணி செருகுங்கள்.

ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டும் அணைய வேண்டும். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் வீட்டுக்குக் கிளம்பும்போது அதைத் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். ஃபேன் இல்லாமல் மே மாதத்தில் 20 நிமிடத்துக்கு மேல் யாராலும் பேச முடியாது. 20 நிமிடம் பதிவு, 10 நிமிடம் காற்று என்று போங்கள். எர்த் சரியில்லாத பழைய போர்ஷன்களில் லேப்டாப் சார்ஜர் வழியாக ஒரு "ம்ம்ம்" நுழையும். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும்.

அமைப்பு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ, வேவ் கோப்பு. வாயிலிருந்து மைக்குக்கு ஒரு சாண். மைக் நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தால் "ப", "ஃப" வெடிக்காது. சாதாரணப் பேச்சு மைனஸ் 18 டெசிபல் அருகே, உச்சக் கத்தல் மைனஸ் 6-ஐத் தாண்டாமல் இருக்கட்டும். கத்தும் வசனங்களைக் கடைசிக்கு வையுங்கள், தொண்டை போய்விடும். ஒவ்வொரு நாளும் யாரும் அசையாமல் 30 விநாடி வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். எடிட்டில் இடைவெளியை நிரப்ப அது இல்லாமல் முடியாது. 25 நிமிடப் பகுதிக்கு 3 மணி நேரம் என்று வைத்தால் நாலு பகுதிக்கு நாலு இரவு. அன்றன்றைக்கே இரண்டு இடத்தில் கோப்பைப் பிரதி எடுத்துவிட்டுத்தான் மெத்தையைச் சுருட்ட வேண்டும்.

8. ஓசைகளை அடுப்படியில் தேடுங்கள்

குதிரைக்குக் கொட்டாங்குச்சி என்பது எல்லோருக்கும் தெரியும். மண் தரைக்கு அதை மடித்த துண்டின் மேல் தட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. வாள் உருவும் ஓசைக்குத் தோசைத் திருப்பியைத் தோசைக்கல் விளிம்பில் ஒரே இழுப்பாக இழுங்கள். கல்லைக் கையில் கெட்டியாகப் பிடித்தால் ஒலி செத்துவிடும், கயிற்றில் தொங்கவிடுங்கள். எலும்பு முறிய முருங்கைக்காய். பிசுபிசுப்பான அரக்கனுக்கு ஊறிய சேமியாவைக் கையால் பிசைவது. கவசத்துக்குச் சாவிக்கொத்தும் பழைய சைக்கிள் செயினும் ஒரு துணிப்பையில். டிராகன் இறக்கைக்கு ஈர லுங்கியை இரண்டு பேர் உதறுவது. அதைப் பாதி வேகத்தில் ஓட்டினால் உடம்பு சிலிர்க்கும். வேகத்தைக் குறைக்கப் போகிற ஓசைகளை மட்டும் 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் மேல்சுருதி காணாமல் போய் மந்தமாகிவிடும்.

கடற்கரை, துறைமுகம் வேண்டுமென்றால் காசிமேடு இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஏலக் கூச்சலும் இன்ஜின் சத்தமும் வேண்டுமானால் அந்த 61 நாளைத் தவிர்த்து விடியற்காலையில் போங்கள். நாடகம் நடப்பது பாய்மரக் காலம், இன்ஜினே காதில் விழக்கூடாது என்றால் தடைக்காலம்தான் உங்களுக்கு வரம்: கட்டிய படகுகளின் முனகல், கயிறு இறுகும் ஓசை, பழுதுபார்ப்பவர்களின் சுத்தியல். உள்ளே போகும் முன் கேட்டுக்கொண்டு போங்கள். மைக்கைத் தூக்கிக்கொண்டு திரிபவரை யாரும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். மைக்குக்கு ரோம உறை போடாவிட்டால் காற்று மட்டுமே பதிவாகும்.

இணையத்திலிருந்து எடுத்தால் ஒவ்வொரு ஓசைக்கும் உரிமத்தைப் பாருங்கள். ஃப்ரீசவுண்ட் தளத்தில் சிசி0 (நிபந்தனை எதுவும் இல்லை), பை, பை-என்சி என்று கலந்து கிடக்கும். பிபிசியின் ஓசைக் காப்பகம் இலவசம் என்று தெரிந்தாலும் அது சொந்தப் பயன்பாடு, கல்வி, ஆய்வுக்கு மட்டும். எடுத்த அன்றே பெயர், உரிமம், தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதாவிட்டால் வெளியீட்டு வாரத்தில் அழ வேண்டியிருக்கும்.

9. எடிட்டும் கலவையும்

ஒரு நிமிட நாடகத்துக்கு ஒரு மணி நேர எடிட் என்று கணக்கு வையுங்கள்; 100 நிமிடத்துக்கு 100 மணி. ஆடாசிட்டி என்ற எடிட் மென்பொருள் இலவசம், தொடங்க அது போதும். அடுக்குகள் அதிகமானால் ரீப்பர் வசதி. 60 நாள் சோதித்துப் பார்க்க விடுகிறார்கள்.

வரிசை முக்கியம். முதலில் பேச்சை மட்டும் அடுக்கிக் கேளுங்கள். பேச்சு மட்டுமே கதையைச் சொல்லவில்லை என்றால் எந்த ஓசையும் காப்பாற்றாது, பிரதிக்குத் திரும்புங்கள். பேச்சுத் தடங்களில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் லாரி உறுமல் பெருமளவு குறையும். பிறகு அசைவு ஓசைகள், பிறகு சூழல், கடைசியில் இசை. சூழல் ஓசை பேச்சுக்கு 15 டெசிபல் கீழே இருக்கட்டும். இரைச்சல் நீக்கும் கருவியை அழுத்திப் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும். கொஞ்சம் இரைச்சல் இருந்தால் சூழல் ஓசை மூடிக்கொள்ளும்.

மொத்த உரப்பு மைனஸ் 16 லஃப்ஸ், உச்சம் மைனஸ் 1 டெசிபல். நல்ல ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி, நூறு ரூபாய் இயர்ஃபோனில் எண்ணூர் வரை கேளுங்கள். எந்த வசனம் புரியவில்லையோ அதைக் குறித்துக்கொண்டு திரும்புங்கள். போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த சுருதி கேட்காது என்பதால் டிராகன் குரலை வெறுமனே நாலைந்து அரைச்சுருதி இறக்கினால் அது காணாமலே போகும். இறக்கிய குரலின் மேல் அதே வரியைக் கிசுகிசுப்பாகப் பேசிய பதிவை மெல்லியதாகச் சேர்த்தால் சொல் தெளியும்.

10. வெளியீடும் பதிவும்

பாட்காஸ்ட் தளங்களுக்குச் சதுர அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். படம் வரைந்தவரிடமும் தாள் வாங்க வேண்டும்; புத்தக அட்டையை வெட்டி ஒட்டக் கூடாது. எஸ்ஆர்டியிலிருந்து எதையாவது எடுத்திருந்தால் அதன் முதல் பக்கத்திலுள்ள நன்றி வாசகத்தை ஆங்கிலத்திலேயே, ஒரு சொல்லும் மாற்றாமல் விளக்கப் பகுதியில் போடுங்கள். யூடியூபிலும் ஏற்றுவதாக இருந்தால் இலவச இசைக்குக்கூட உரிமைக் கோரல் வரலாம்; உரிமம் எழுதிவைத்த அந்தத் தாள் அப்போது கைகொடுக்கும். முதல் பகுதியை முடித்த கையோடு வெளியிடாமல் நான்கும் முடிந்தபின் வாரத்துக்கு ஒன்றாக விடுங்கள். மூன்றாவதில் நின்றுபோன தொடர்கள் ஏராளம்.

பதிப்புரிமை படைத்தவுடனே வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. தகராறு வந்தால் காட்ட ஒரு சான்று வேண்டும் என்பவர்கள் பதிப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் படிவம் 14-இல் விண்ணப்பிக்கலாம். பிரதிக்கு ரூ. 500, ஒலிப்பதிவுக்கு ரூ. 2,000. கட்டியதும் நாட்குறிப்பு எண் ஒன்று வரும். மற்றவர்கள் ஆட்சேபிக்க 30 நாள் விட்டுத்தான் பரிசீலனை தொடங்கும், சான்றிதழ் வர மாதங்கள் ஆகலாம். ஒலிப்பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது எழுத்தாளர், நடிகர், பாடகர் ஆகியோரின் தடையில்லாக் கடிதங்களைக் கேட்பார்கள். இரண்டாம் படியில் வாங்கிய தாள்களை ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் வைத்திருந்தால் விண்ணப்பம் ஒரு மாலை வேலை. வாங்காமல் விட்டிருந்தால், துபாய்க்கு வேலைக்குப் போய்விட்ட காப்ளினைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து கேட்க வேண்டியிருக்கும்.